விலை சொல்லாத வேலை

தொண்ணூறுகளின் நடுவில் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை. எனக்குக் கிரீன் கார்டு வந்திருந்தது, வேலைதான் வரவில்லை. கோயம்புத்தூரில் பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஊர் முழுக்க உள்ளவர்களின் வருமான வரியைப் பார்த்துக் கொடுத்தவள் நான். இங்கே அந்த டிகிரியை வைத்து மளிகைச் சாமான் கணக்குத்தான் பார்க்க முடிந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இதிலும் எழுதப்போவதில்லை, வேறு எதிலும் எழுதப்போவதில்லை.

அந்த வளாகத்தில் பாதிப் பேர் நம்மவர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள். அப்பாக்கள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூயார்க் போவார்கள், அம்மாக்கள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆபீஸ்களுக்குப் போவார்கள். பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த அம்மாவோ மாமியாரோ ஆறு மாதத்தில் விசா முடிந்து விமானம் ஏறியதும், அந்த வீட்டுக்காரர்களின் கண் என் மீது விழும். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், சமையல் சுத்தம், தமிழ் பேசுகிறாள். சும்மா இருக்கிறவள் என்று என்னை யாரும் நேரில் சொல்லவில்லை. முகத்திலேயே தெரியும்.

முதலில் வந்தது கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து டாக்டர் தம்பதி. அவர்களுக்கு ஒரு பையன், நடக்க ஆரம்பித்திருந்தான். டாக்டர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து காப்பியைக்கூடத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு கிழமைக்கு எவ்வளவு எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"அதெல்லாம் எதுக்குங்க டாக்டர், நம்மளுக்குள்ள என்ன கணக்கு? நீங்க குடுக்கிறதக் குடுங்க" என்றேன்.

"அப்பிடிச் சரிவராது. நீங்கள் ஒரு தொகை சொல்லாட்டி நான் பிள்ளையை விடமாட்டன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கூலிக்காரியிடம் பேரம் பேசுவதுபோல் இருந்தது. நான் வாயைத் திறக்காததால் அவரே யாரையோ விசாரித்து வாரத்துக்கு ஒரு தொகை சொன்னார். வெள்ளிக்கிழமை தவறாமல் செக் எழுதினார். வருட முடிவில், மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று டைப் அடித்த ஒரு தாளும் வந்தது. "இதை டாக்ஸுக்கு வைச்சிருங்கோ" என்றார். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அன்றைக்குக் கணவரிடம் சொல்லித் தீர்த்தேன்.

இரண்டாவதாக வந்தவள்தான் என் அம்மிணி; பெண் குழந்தையைக் கோயம்புத்தூரில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவோம். நாலு மாதக் குழந்தையாக என் கைக்கு வந்தாள். அவளுடைய அம்மா மெட்ராஸ் பெண், சாஃப்ட்வேர் வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வந்த முதல் நாளே அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். விலை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "நீங்க இருக்கறது எங்க அதிர்ஷ்டம்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. இதல்லவா நம் வழக்கம் என்று நினைத்தேன்.

அவள் பணம் கொடுக்கிற விதமும் நம் வழக்கம்தான். கையில் நீட்டமாட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருவாள். பழத்துக்கு அடியில் கவர் இருக்கும். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று நான் சொல்ல வேண்டும், "இருக்கட்டும்க்கா" என்று அவள் சொல்ல வேண்டும், நான் பழத்தை மட்டும் பார்ப்பதுபோல் பையை வாங்கி உள்ளே வைக்க வேண்டும். கவரில் எப்போதும் ஒரே அளவுதான் இருக்கும், டாக்டர் கொடுப்பதில் பாதி. சில வெள்ளிக்கிழமை பழம் மட்டும் இருக்கும். தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு ஒரு மூட்டை சோனா மசூரி. நானும் கேட்டதில்லை. நம்மளுக்குள்ள என்ன கணக்கு என்று முதலில் சொன்னவளே நான்தானே.

அம்மிணி என்னைப் பெரிம்மா என்பாள். முதல் பல், முதல் அடி, முதல் ஜுரம் எல்லாம் என் வீட்டுக் கார்ப்பெட்டில் நடந்தவை. மதியம் ரசஞ்சாதம் ஊட்டினால் ஒரு கையால் என் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டுதான் வாய் திறப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் போனால் திங்கட்கிழமை காலைவரை எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்த பிப்ரவரியில், அவள் அம்மா ஸ்னோ பூட்சைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, உங்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணுமே. டாக்ஸ் ஃபைல் பண்றோம், டேகேர் கிரெடிட்டுக்குக் கேக்கறான், குழந்தைய பாத்துக்கறவங்களுக்குக் குடுத்ததுக்கு டாக்ஸ்ல கொஞ்சம் குறைப்பான்."

சொன்னேன். டெலிபோன் நம்பர் கேட்டால் சொல்ல மாட்டோமா, அதுபோல. பி.காம். படித்தவள், ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்தவள், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் மாதம் டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் நூலகத்துக்குப் போனேன். சனிக்கிழமைகளில் அங்கே ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் சிலர் இலவசமாக வரி பார்த்துக் கொடுப்பார்கள். அதுவரை எங்கள் வரி என்றால் கணவரின் சம்பளச் சீட்டு ஒன்றுதான், சமையல் மேடையிலேயே அரை மணியில் முடிந்துவிடும். ரீஃபண்ட் வரும். அந்தப் பணத்தில்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு டிக்கெட் எடுப்போம்.

எனக்குக் கிடைத்தது கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாள். டாக்டரின் தாளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. இன்னொரு குழந்தைக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டார். அவர்கள் கொடுப்பதை வாங்குகிறேன் என்றேன். சரி, நீ எவ்வளவு என்று சொல்லியிருக்கிறாய் என்றார். நான் சொல்லவில்லை என்றேன். பிறகு அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அவர்களுக்குத் தெரியாது, தோன்றியதைக் கொடுப்பார்கள் என்றேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பாவம், இலவசமாகச் செய்கிற வேலை. நான் வாழைப்பழத்தைப் பற்றிச் சொன்னேன். புடவையையும் அரிசி மூட்டையையும் சொன்னேன். வேலைக்குப் பதிலாக வந்தால் பொருளும் வருமானம்தான் என்றார். அரிசியும் வருமானமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைப் பண்டிகைப் பரிசு என்று விட்டுவிடுவோம் என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சம்பளக்காரர்களுக்கு ஓய்வூதிய வரியில் ஒரு பாதியைச் சம்பளத்தில் பிடிப்பார்கள், மறு பாதியை முதலாளி கட்டுவார். சொந்தமாகத் தொழில் செய்தால் இரண்டு பாதியும் தானே கட்ட வேண்டும், ஏனென்றால் முதலாளியும் நீ, தொழிலாளியும் நீ. இது மத்திய அரசுக்கு. அதற்குமேல் கணவர் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரி. நியூ ஜெர்சிக்குத் தனித் தாள். அங்கே முதலாளி பாதி, தொழிலாளி பாதி என்பது கிடையாது, ஆனால் மத்திய அரசில் கழிக்கிற சிலவற்றை அங்கே கழிக்க முடியாது. இனிமேல் வருடத்தில் நாலு தடவை முன்கூட்டியே வேறு கட்ட வேண்டும். குழந்தைகளுக்குப் போட்ட சாப்பாட்டைச் செலவில் காட்டலாம், ரசீது இருக்கிறதா என்றார். ஒரே குக்கரில் வைத்த சாதத்தில் அம்மிணி தின்றது எத்தனை பிடி என்று எந்தக் கடையில் ரசீது வாங்குவது? இரண்டு அரசாங்கத்துக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு எழுதினோம், நான் பார்த்துக்கொண்டதோ அதே இரண்டு குழந்தைகளை. எனக்குத் தலை கனத்தது. ஊரில் அத்தனை பேருக்குப் பார்த்துக் கொடுத்தபோது, வரி கட்டுகிறவனுக்கு இப்படி இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

கடைசியாகத்தான் அந்த அம்மாள் கேட்டார், அந்தக் குழந்தையின் பெற்றோர் உன் நம்பரை வாங்கினார்களா என்று. ஆமாம் என்றேன். அப்படியானால் அவர்கள் எழுதிய தொகையும் நீ எழுதுகிற தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும், கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மிணியைக் கூட்டிப்போக வந்தவளிடம் கேட்டேன். "எவ்வளவு எழுதினீங்க?"

"மேக்ஸிமம் போட்டோம்க்கா. ஒரு குழந்தைக்கு எவ்வளவு அலவ் பண்றானோ அவ்வளவு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எனக்குக் கொடுத்ததுபோல் இரண்டு மடங்குக்கு மேல். நான் அதைச் சொல்லவில்லை. நான் வரி கட்டப் போகிறேன், தொகை ஒன்றாக இருக்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஏன்க்கா காமிக்கணும்? வீட்ல இருக்கற லேடீஸ் யாரும் காமிக்கறதே இல்ல. நாங்க எவ்வளவு கட்டறோம் தெரியுமா? அவருக்கு ஆபீஸ் நியூயார்க்ல, வீடு இங்க. ரெண்டு ஸ்டேட்டுக்கும் பேப்பர் போடணும். கிரீன் கார்டு வேற நடுவுல இருக்கு. இப்ப போயி நீங்க கம்மியா எழுதினா எங்களுக்கு ப்ராப்ளம் ஆயிடும்."

"நான் கம்மியா எழுதலம்மா. வந்தத எழுதறேன்."

அவள் குழந்தைக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லிடுங்கக்கா. டேகேர்ல வெயிட்லிஸ்ட்ல பேர் குடுத்து வெச்சிருக்கோம். ரசீது ஒழுங்கா தருவான்."

மிரட்டல் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். அவளும் பயந்துதான் போயிருந்தாள். ஜாக்கெட்டுக்குள் கை நுழையாமல் அம்மிணி, "பெரிம்மா போடு, பெரிம்மா போடு" என்று என்னிடம் தாவினாள். நான்தான் ஜிப்பை இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பேசாம டாக்டர் குடுத்ததக்கூடக் காட்டாம விட்டுத்தள்ளேன். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"டாக்டரு தாள் குடுத்துருக்காருங்க."

"அப்ப ரெண்டையும் உள்ளபடி எழுது. அந்தப் புள்ள பொய் சொன்னா அது அந்தப் புள்ள பாடு."

"எழுதினா அம்மிணிய அனுப்ப மாட்டாங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், அவர்கள் எழுதிய தொகையையே சொன்னேன். இதுதான் நீ வாங்கியதா என்று அந்த வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். கைக்கு வராத பணத்தை வந்தது என்று எழுதி, அதற்கு முதலாளி பாதியும் தொழிலாளி பாதியும் சேர்த்து, மத்திய அரசுக்கு ஒரு செக்கும் நியூ ஜெர்சிக்கு ஒரு செக்கும் கிழித்துக் கொடுத்தேன். வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் எத்தனையோ பேருக்கு நான் ஊரில் ஃபைல் போட்டிருக்கிறேன். கூட்டிக் காட்டி வரி கட்டிய ஒருவரைக்கூட அந்த ஆடிட்டர் ஆபீசில் பார்த்ததில்லை. எங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்ட் முழுக்க அதிலேயே போயிற்று. அந்த வருடம் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். உனக்கு ஏது லீவு என்று தங்கை சிரித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மிணியின் அம்மா வந்தபோது, "நீங்க எழுதினதையே நானும் எழுதிட்டேன், பயப்படாத" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவளுக்குக் கூச்சமாகிவிடும், கூச்சமானால் குழந்தையை விட வரமாட்டாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. "என் பேப்பரால உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா" என்றேன். நான் ஒன்றையும் காட்டவில்லை என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல வாழைப்பழம் வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். அம்மிணி வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

ஜூலையில் அவர்கள் டெக்சாஸுக்கு மாறினார்கள். அம்மிணியின் அப்பாவுக்கு ஹூஸ்டனில் பெர்மனென்ட் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் முன்புதான் என்னிடம் சொன்னார்கள். "அங்க ஸ்டேட் டாக்ஸே கிடையாதாம்க்கா, வீடும் சீப்பு" என்றாள் அவள், நல்ல சேதி சொல்கிற குரலில். நானும் நல்லதும்மா என்றேன். கடைசி நாள் அம்மிணி என் வீட்டு வாசலில் செருப்பைப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். படியில் அவள் அழுத சத்தம் கேட்டது, பிறகு கார்க் கதவின் சத்தம். டாக்டர் வீட்டுப் பையன் உள்ளே பிளாக்ஸ் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாதம் ஊட்ட வேண்டியிருந்தது, ஊட்டினேன்.

இரண்டாயிரமாவது வருட டிசம்பரில் கணவரின் சித்தப்பா மகனுக்கு ஹூஸ்டனில் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் இனிப்பும் ஒரு பட்டுப்பாவாடையும் வாங்கிக்கொண்டு பேர்லேண்டில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெரிய வீடு, மீனாட்சி கோயிலுக்குப் பக்கம். அம்மிணிக்கு ஐந்து வயது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "யாரு தெரியுதா? நியூ ஜெர்சி பெரிம்மாடி" என்றாள் அவள் அம்மா. அம்மிணி பாவாடைப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் தேங்க் யூ சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். குழந்தை என்றால் மறக்கத்தான் செய்யும். அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

காப்பி குடிக்கும்போது பேச்சு வீட்டு விலையில் ஆரம்பித்து வரியில் வந்து நின்றது. நம்மவர்கள் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும். என் கணவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உங்க புள்ளைக்காக இவ கட்டின டாக்ஸுல ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டு வந்துருக்கலாம்."

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன டாக்ஸ்?"

வேறு வழியில்லாமல் சொன்னேன், அவர்கள் எழுதிய தொகையையே நானும் எழுதியதை. அவளும் அவள் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ அக்கா, நாங்க அத அப்பவே மாத்திட்டோமே" என்றாள் அவள். "கிரீன் கார்டு லாயர் எல்லா பேப்பரையும் பாத்துட்டு, இந்த மாதிரி எதுவும் இருக்கக்கூடாதுன்னுட்டார். உங்களுக்கு நெஜமா குடுத்தத மட்டும் போட்டு அமெண்ட் பண்ணி, டிஃபரன்ஸ கட்டிட்டோம். நீங்க காமிச்சிருக்கவே மாட்டீங்கன்னு நெனச்சு உங்ககிட்ட சொல்லலக்கா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நியூ ஜெர்சி திரும்புகிற விமானத்தில் கணவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மூன்று வருடத்துக்குள் திருத்தித் தாக்கல் செய்தால் அதிகமாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்களாம், ஏப்ரல் வரை சமயம் இருக்கிறதாம். டாக்டர் கொடுத்த தாள் இருக்கிறது, இவர்கள் திருத்திய தாளின் நகலையும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

"வேண்டாங்க" என்றேன்.

"ஏம்புள்ள? நம்ம காசுதான?"

"அந்தப் பிள்ளைய நான் அந்தக் கவர் காசுக்குத்தான் பாத்துக்கிட்டேன்னு என் கையால எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

அவர் பேப்பர் நாப்கினில் எழுதிய கணக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏப்ரல் வந்தது, போயிற்று.